ஈஸ்டர் முட்டையில் அணிலும் பங்குனி ஆமையும்: பிள்ளைகளோடு செய்த வேலையின் பதிவு

பெரிய சனிக்கிழமை பிற்பகலில், இரவுத் திருவிழிப்பு வழிபாட்டுக்குப் புறப்படும் முன் கிடைக்கும் நேரத்தில், வீட்டுப் பிள்ளைகளையும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளையும் திண்ணையில் உட்காரவைத்து ஈஸ்டர் முட்டைகளை விலங்கு உருவங்களாக அலங்கரிப்பது தக்கலை அருகேயுள்ள எங்கள் வீட்டில் வழக்கமாகிவிட்டது. கடையில் விற்கும் ஒட்டுப்படங்களை ஒட்டினாலும் முட்டை அழகாகத்தான் இருக்கும்; ஆனால் அந்த வேலையில் பிள்ளைக்கு யோசிக்க ஒன்றும் இராது. முட்டை ஏற்கெனவே ஓர் உடலின் வடிவத்தில் இருக்கிறது. ஒரு முனை அகன்றும் மறு முனை ஒடுங்கியும் இருக்கும் அந்த வடிவத்தைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்து, இதற்குள் எந்த விலங்கு இருக்கிறது என்று பிள்ளையே கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும். அதன் பிறகுதான் தூரிகையைத் தொட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. இந்த ஈஸ்டருக்குச் செய்தவற்றை, அடுத்த ஆண்டு செய்ய விரும்புகிறவர்களுக்குப் பயன்படும் விதத்தில் எழுதிவைக்கிறேன்.

முட்டையைத் தேர்ந்தெடுப்பதிலேயே பாதி வேலை முடிந்துவிடும். நாமக்கல்லிலிருந்து வரும் வெள்ளை முட்டைகள் சாயம் ஏற்றுவதற்கு மிகவும் ஏற்றவை. இலேசான நிறங்களும் அவற்றில் தெளிவாகத் தெரியும். நாட்டுக்கோழி முட்டை சிறியது, இளம்பழுப்பு நிறமுடையது, ஆகவே ஆந்தைக்கும் குருவிக்கும் சாயமே தேவைப்படாது. தாரா, அதாவது வாத்து முட்டை பெரியது. அதன் ஓடு தடிப்பானது என்பதால் அழுத்திப் பிடிக்கும் சின்னக் கைகளுக்கு அதையே கொடுப்பது நல்லது. காடை முட்டையின் மேல் இயற்கையாகவே தெளித்தாற்போல் கரும்புள்ளிகள் இருப்பதால், இரண்டு கண்களை மட்டும் ஒட்டினால் அது தவளையாகிவிடுகிறது. எந்த முட்டையானாலும், இருட்டான அறையில் அதன் பின்புறம் கைபேசி விளக்கைப் பிடித்துப் பார்த்துவிட வேண்டும். மயிரிழை போன்ற விரிசல் இருந்தால் வெளிச்சக் கோடாகத் தெரியும். அத்தகைய முட்டையை அப்போதே தனியாக எடுத்துச் சமையலுக்கு அனுப்பிவிடலாம். நல்ல முட்டைகளைச் சோப்புத் தண்ணீரில் மென்மையாகக் கழுவி, வினிகர் நனைத்த துணியால் ஒரு முறை துடைத்தால், மேலுள்ள எண்ணெய்ப் பசை நீங்கி நிறம் சீராகப் பிடிக்கும்.

அடுத்ததாக, தின்பதற்கான முட்டைகளையும் வைத்துக்கொள்வதற்கான முட்டைகளையும் தொடக்கத்திலேயே பிரித்துவிட வேண்டும். முட்டை ஓடு ஏறத்தாழ முழுக்கக் கால்சியம் கார்பனேட்டால் ஆனது. அதன் தடிப்பு அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. அதில் கண்ணுக்கு எளிதில் தெரியாத ஆயிரக்கணக்கான நுண்துளைகள் இருக்கின்றன. வெளியே பூசுவது உள்ளே ஊறக்கூடும் என்பதால், தின்னப்போகும் அவித்த முட்டைகளுக்கு அடுக்களையில் இருக்கும் பொருள்களின் சாயத்தைத் தவிர வேறெதையும் நான் அனுமதிப்பதில்லை. அவித்த முட்டையைக் குளிர்பெட்டிக்கு வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கவும் கூடாது. நம் ஊர்ச் சித்திரை வெயிலில் அதற்கும் முன்பே உள்ளே வைத்துவிடுவது நல்லது.

வைத்துக்கொள்ளப்போகும் முட்டைகளை உள்ளீடு நீக்கி வெறும் ஓடாக்க வேண்டும். பெரியவர்கள் செய்ய வேண்டிய வேலை இது. பெரிய வியாழனன்றே நான் முடித்துவிடுகிறேன். அகன்ற முனையில்தான் காற்றறை இருக்கிறது. அங்கே சாக்கு ஊசியின் முனையை வைத்து, குத்தாமல், மெதுவாகத் திருகித் திருகித் துளையிட்டால் ஓடு சிதறாது. துளை ஒரு நல்லமிளகு நுழையும் அளவுக்கு இருந்தால் போதும். ஊசியை உள்ளே விட்டு மஞ்சள் கருவைக் கலக்கி, துளையைக் கீழ்நோக்கிப் பிடித்து, மருந்துக் கடையில் கிடைக்கும் சிரிஞ்சினால் அதே துளை வழியாகக் காற்றைச் செலுத்தினால், உள்ளே இருப்பது தானாகக் கிண்ணத்தில் இறங்கும். மறு முனையிலும் துளையிட்டு வாயால் ஊதுகிற பழக்கம் பல வீடுகளில் உண்டு. பச்சை முட்டையில் சால்மோனெல்லா கிருமி இருக்கக்கூடும் என்பதால் அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். பிறகு சிரிஞ்சினால் சோப்புத் தண்ணீரைச் செலுத்திக் குலுக்கிக் கொட்டி, நல்ல தண்ணீரில் பல முறை அலசி, துளை கீழே இருக்கும்படி அட்டைத் தட்டில் கவிழ்த்து வெயிலில் உலர்த்த வேண்டும். சிறிதளவு கரு உள்ளே ஒட்டியிருந்தாலும் மறு நாளே எறும்பு வரிசை கட்டிவிடும், நாற்றமும் வரும். ஆகவே இந்த அலசலில் சலிப்புப் பார்க்கக் கூடாது.

கிண்ணத்தில் சேர்ந்த முட்டைக் கலவையை மூடிக் குளிர்பெட்டியில் வைத்து, சனிக்கிழமை கேக்கில் சேர்த்துவிட்டேன். தவக்காலம் முழுவதும் இறைச்சியும் முட்டையும் தவிர்க்கிற எங்கள் வீட்டில் வியாழக்கிழமை அதற்கு வேறு வழியும் இல்லை. ஈஸ்டரும் முட்டையும் இணைந்ததற்கு இந்த நோன்பும் ஒரு காரணம் என்பதைப் பிள்ளைகளுக்கு இதைக் காட்டித்தான் விளக்கினேன். இடைக்கால ஐரோப்பாவில் தவக்காலத்தில் முட்டை உண்பது விலக்கப்பட்டிருந்தது. கோழிகள் அதை அறியாமல் இட்டுக்கொண்டே இருந்ததால் வீட்டில் முட்டைகள் குவிந்தன. நோன்பு முடியும் உயிர்ப்புப் பெருவிழாவன்று அவை உணவாகவும் பரிசாகவும் வெளியே வந்தன. கீழைத் திருச்சபைகளில் கிறிஸ்துவின் இரத்தத்தை நினைவூட்டச் சிவப்புச் சாயம் ஏற்றினார்கள். கிரேக்க நாட்டில் அந்தச் சிவப்புக்கு வெங்காயத் தோலைப் பயன்படுத்தும் மரபு இன்றும் இருக்கிறது.

அந்த வெங்காயத் தோலிலிருந்தே எங்கள் சாய வேலையும் தொடங்கியது. பல்லாரித் தொலியை இரண்டு கை நிறைய எடுத்து, அரை லிட்டர் தண்ணீரில் அரை மணி நேரம் சிறுதீயில் கொதிக்கவிட்டு வடிகட்டினால், கடுங்காப்பி நிறத்தில் சாறு கிடைக்கும். அதில் இரண்டு மேசைக்கரண்டி வினிகர் சேர்க்க வேண்டும். வினிகரின் அமிலம் ஓட்டின் மேற்பரப்பை மிகச் சிறிதளவு அரித்து நிறம் பற்றுவதற்கு வழி செய்கிறது. முட்டையைச் சுற்றிப் பொடிப்பொடியாகக் குமிழிகள் எழுவதைப் பிள்ளைகள் முகத்தைக் கிட்டே வைத்துப் பார்த்தார்கள். அவை கரியமில வாயுக் குமிழிகள். வினிகரை அளவுக்கு மீறி ஊற்றினால் ஓடே கரைந்து மேற்பரப்பு சுண்ணாம்பாக உதிரும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவைத்தேன். வெறும் ஓடு மிதக்கும் என்பதால், அதன் மேல் ஒரு சிறிய தட்டைக் கவிழ்த்து அழுத்திவைக்க வேண்டும். மஞ்சள் தூள் கோழிக்குஞ்சுக்கு ஏற்ற பளிச்சென்ற நிறத்தைக் கொடுத்தது. வேலியில் படர்ந்திருந்த சங்குப்பூவைக் கொதிநீரில் ஊறவைத்து, ஆறியபின் அந்த நீரில் முட்டையை இரவு முழுதும் குளிர்பெட்டியில் விட்டால் மங்கலான நீலம் ஏறும். பீட்ரூட் நீர் பார்ப்பதற்குத்தான் அடர்சிவப்பு. ஓட்டில் அது வெளிறிய இளஞ்சிவப்பாகி, உலர உலரப் பழுப்பாகிவிடுவதால் அதை நம்ப வேண்டாம்.

எனக்கு மிகவும் மகிழ்ச்சி தந்தது பதிமுகம்தான். நம் மாவட்டத்தில் குடிதண்ணீரில் போட்டுக் கொதிக்கவைக்கும் அதே மரச்சீவலைக் கெட்டியாகக் காய்ச்சினால் நல்ல சிவப்புச் சாறு கிடைக்கிறது. அதன் நிறம் அமிலத்தில் மஞ்சளாகவும் காரத்தில் சிவப்பாகவும் மாறும் தன்மை உடையது. எனவே மற்றச் சாயங்களுக்குச் செய்வதுபோல் வினிகரை ஊற்றினால் சாறு மஞ்சளாகச் சோர்ந்துவிடும். ஒரு சிட்டிகை ஆப்பச்சோடா போட்டால் மறுபடியும் சிவக்கும். இரண்டு கண்ணாடித் தம்ளர்களில் இதைச் செய்து காட்டியபோது, பக்கத்து வீட்டுச் சிறுமி தன் முட்டையை மறந்து, வினிகரும் சோடாவுமாக மாற்றி மாற்றி ஊற்றிக்கொண்டே இருந்தாள். நான் தடுக்கவில்லை.

சாயம் காய்ந்தபின் முகம் வைக்கும் கட்டம் வருகிறது. எல்லாக் கட்டங்களிலும் அதிகப் பொறுமை தேவைப்படுவது இதற்குத்தான். பிள்ளைகள் முட்டையில் முகம் வரையும்போது, கண்களை உச்சிக்கு அருகில், ஒன்றையொன்று நெருக்கி வைப்பார்கள். அப்படி வைத்தால் எந்த விலங்கும் வயதேறியதாகவும் முறைப்பாகவும் தெரியும். அதே கண்களை முகத்தின் நடுக்கோட்டுக்குச் சற்றுக் கீழே இறக்கி, நன்றாக விலக்கி வைத்து, மூக்கை அவற்றுக்கு இடையே ஏறக்குறைய அதே உயரத்தில் மிகச் சிறிதாக வைத்தால், அதே முட்டை குட்டியாகிவிடும். ஆஸ்திரிய விலங்கியலாளர் கொன்ராட் லாரன்ஸ் 1943-இல் எழுதிய கட்டுரையில், குழந்தைகளிடமும் குட்டிகளிடமும் நம் மனம் இளகுவதற்குக் காரணமான உடற்கூறுகளை விளக்கினார். பெரிய தலை, உயர்ந்து அகன்ற நெற்றி, கீழிறங்கிய பெரிய கண்கள், உப்பிய கன்னம் ஆகியவை அவற்றுள் அடங்கும். முட்டையின் அகன்ற முனையை மேலே வைத்தால் அந்த நெற்றி தானாகவே கிடைத்துவிடுகிறது. ஆகவே தலை மட்டும் செய்வதானால் அகன்ற முனை மேலேயும், முழு உடலும் செய்வதானால் ஒடுங்கிய முனை மேலேயும் இருக்கட்டும் என்று பிள்ளைகளிடம் சொன்னேன்.

கண்ணை முதலிலேயே ஒட்டிவிடக் கூடாது. கறுப்புக் காகிதத்தில் துளையிடும் கருவியால் வட்டங்கள் வெட்டி, ஒரு பொட்டுப் பசையும் இல்லாமல், ஈர விரலால் ஓட்டில் ஒற்றி, நகர்த்தி நகர்த்திப் பார்க்க வேண்டும். என் தங்கையின் ஆறு வயது மகள் தன் பூனைக்குக் கண்களை நகர்த்திக்கொண்டே வந்தாள். ஓரிடத்தில் நிறுத்தி, "பெரியம்மா, இப்பதான் இது என்னையப் பாக்குது" என்றாள். அந்த இடத்தில் பென்சிலால் புள்ளி வைக்கச் சொன்னேன். நிலையான கண்ணுக்குக் கறுப்பு உளுந்து மிகப் பொருத்தமானது. தோல் நீக்காத உளுந்தின் பக்கவாட்டில் வெள்ளையாக ஒரு சிறு கீற்று உண்டு. அது மேல்நோக்கி இருக்கும்படி ஒட்டினால், கண்ணில் ஒளி பட்டு மின்னுவதுபோலவே தெரியும். மண் பிள்ளையாருக்குக் கண் வைப்பதுபோல் குன்றிமணி ஒட்டலாமா என்று பக்கத்து வீட்டுச் சிறுமி கேட்டாள். குன்றிமணியைக் கடித்து விழுங்கினால் அது கடும் நஞ்சு என்பதால், வாயில் எதையும் போட்டுப் பார்க்கும் பிள்ளைகள் இருக்கும் இடத்தில் அதைப் பயன்படுத்தவே கூடாது என்று விளக்கிச் சொன்னேன். மூன்று வயதுக்குட்பட்ட குழந்தை இருந்தால் உளுந்தும் வேண்டாம். வரைந்த கண்ணே போதும்.

விலங்குகளில் முயலைப் பற்றிச் சொல்ல வேண்டும். முட்டை கொண்டுவரும் ஈஸ்டர் முயல் ஜெர்மானிய நாட்டுப்புற வழக்கிலிருந்து வந்தது. 1682-இல் கியோர்க் ஃபிராங்க் என்ற ஜெர்மன் மருத்துவர் அதைப் பற்றி எழுதியிருக்கிறார். அந்த ஊர்ப் பிள்ளைகள் வசந்த காலத்தில் வயல்களில் காட்டுமுயல்களைக் கண்ணால் கண்டவர்கள். எங்கள் பிள்ளைகள் காலை முதல் மாலை வரை காண்பது அணிலைத்தான். தெரிந்த விலங்கைச் செய்யும்போது பிள்ளையின் கை தயங்குவதில்லை என்பதால், இந்த முறை அணிலுக்கு முதலிடம் கொடுத்தேன்.

அணிலுக்கு வெள்ளை முட்டையின் வெறும் ஓட்டை எடுத்துக்கொண்டோம். தென்னிந்திய அணிலின் முதுகில் மூன்று வெளிர்க் கோடுகள் உண்டு. வட இந்தியாவில் காணப்படும் இன்னோர் இனத்துக்கு ஐந்து. "ராமர் மூணு விரலாலதான் தடவினாரு" என்று பக்கத்து வீட்டுச் சிறுமி உறுதியாகச் சொல்ல, மூன்று என்பதில் எல்லாருக்கும் உடன்பாடு ஏற்பட்டது. சாயம் ஏற்றுவதற்கு முன்பே, கூரான மெழுகுதிரித் துண்டால் ஒடுங்கிய முனையிலிருந்து அகன்ற முனை வரை மூன்று கோடுகளை அழுத்தி வரைய வேண்டும். மெழுகு பட்ட இடத்தில் சாயம் பற்றாது. ஆனால் சாறு நன்றாக ஆறியிருக்க வேண்டும். சூடாக இருந்தால் மெழுகு உருகிக் கோடு கலைந்துவிடும். ஓரிரு மணி நேரம் பல்லாரிச் சாற்றில் ஊறி எழுந்த ஓட்டை வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் ஒற்றி மெழுகைத் துடைத்தபோது, பழுப்பு முதுகில் மூன்று வெள்ளைக் கோடுகளும் தெளிவாகத் தெரிந்தன. திண்ணையில் எழுந்த சத்தம் தெரு வரை கேட்டிருக்கும். வாலுக்குக் கதம்பைத் தும்பை, அதாவது தேங்காய் நாரைக் கற்றையாக எடுத்து, ஒரு முனையை நூலால் கட்டி, மறு முனையைச் சீப்பால் வாரிப் பரப்பினோம். செவிகள் வாழைச் சருகில் வெட்டிய அரைவட்டங்கள். மீசைக்கும் தும்பின் மெல்லிய இழைகளே உதவின. இரண்டு முன்கைகளையும் மார்பில் சேர்த்து ஒட்டி, அவற்றுக்கு நடுவே மஞ்சாடிக்குரு என்னும் சிவப்பு விதை ஒன்றை வைத்ததும், அணில் பழம் தின்னத் தொடங்கிவிட்டது.

ஆமை, கடற்கரை ஊரான குளச்சலிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த ஒன்பது வயதுச் சிறுவனின் விருப்பம். சிற்றாமை என்னும் கடலாமை இனத்தைத் தமிழ்நாட்டுக் கடலோர மக்கள் பங்குனி ஆமை என்று அழைக்கிறார்கள். ஈஸ்டரை ஒட்டிய மாதங்களில்தான் அது மணலேறி முட்டையிடுகிறது. தாரா முட்டை ஓட்டைப் படுக்கவைத்து, கறுப்பும் மஞ்சளும் சிறிது நீலமும் கலந்த சாம்பல் பச்சையை அவனே குழைத்துப் பூசினான். நான் நான்கு குட்டைக் கால்களை வெட்டுவதற்கு ஓலையை எடுத்தபோது, "அதுக்குக் கால் இல்ல பெரியம்மா, துடுப்புதான். முன்னால உள்ளது நீளமா இருக்கும்" என்று ஓலையை வாங்கிக்கொண்டான். காய்ந்த பனையோலையில் முன் துடுப்புகள் நீளமாகவும் பின் துடுப்புகள் குறுகியும் வெட்டப்பட்டன. தலைக்குப் புளியங்கொட்டை. முதுகில் நடுவே ஒரு வரிசையும் இரு பக்கமும் ஒவ்வொரு வரிசையுமாகத் தகடுகளை ஈர்க்கில் முனையால் அவன் வரைந்த விதத்தில், கண்ணால் பார்த்த ஒருவனின் உறுதி இருந்தது. இடையில் சின்னவள் சுவரில் செருகியிருந்த குருத்தோலையை எடுக்கப் போனாள். அது குருத்தோலை ஞாயிறன்று மந்திரித்துக் கொண்டுவந்தது, அடுத்த சாம்பல் புதனுக்கு எரித்துச் சாம்பலாக்க வேண்டியது, அதை வெட்டக் கூடாது மக்களே என்று சொல்லி, வெளியே கிடந்த ஓலையைக் கொடுத்தேன்.

காகம், கோழிக்குஞ்சு ஆகியவை எளிதாகவே முடிந்தன. காகத்துக்கு முழுக்கக் கறுப்பு, கழுத்தில் மட்டும் சாம்பல், வாரியலில் (துடைப்பத்தில்) உருவிய ஈர்க்கில் கால்கள். நிறம் பூசும் இடங்களில் எல்லாம் அக்ரிலிக் வண்ணமே நல்லது. நம் கடலோரக் காற்றின் ஈரத்திலும் பிள்ளைகளின் வியர்த்த விரல்களிலும் போஸ்டர் வண்ணம் கரைந்து கையோடு வந்துவிடும்.

நாட்டுக்கோழி முட்டையில் செய்துகொண்டிருந்த ஆந்தை, பாதி வேலையில் கட்டைவிரல் அழுந்தி வயிற்றுப் பக்கம் உள்வாங்கிவிட்டது. செய்துகொண்டிருந்தவனின் கண் கலங்கியதைக் கண்டு, மற்ற வேலைகளை நிறுத்திவிட்டு எல்லாரையும் அருகே அழைத்தேன்; பழுதுபார்ப்பதையும் பிள்ளைகள் காண வேண்டும். ஓடு உடைந்தாலும் உட்புறச் சவ்வு துண்டுகளைப் பிடித்துக்கொண்டிருக்கும் என்பதால், முதலில் எதையும் பிய்க்கக் கூடாது. பெவிகாலில் சம அளவு தண்ணீர் கலந்து, மெல்லிய டிஷ்யூ காகிதத்தை விரல்நகம் அளவுக்குக் கிழித்து, உடைந்த இடத்தின் ஓரங்களையும் மூடும்படி ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று அடுக்கு ஒட்டினோம். கத்தரித்த காகிதத்தின் நேர்விளிம்பு தடித்துத் தெரியும். கிழித்த காகிதத்தின் இழைகள் ஓட்டோடு படிந்துவிடும். ஒவ்வோர் அடுக்கும் காய்வதற்கு மின்விசிறிக் காற்றில் கால் மணி நேரமாவது வேண்டும். காய்ந்தபின் சாயத்துக்கு எடுத்ததில் மீதமிருந்த பல்லாரித் தொலியைச் சிறுசிறு செதில்களாக வெட்டி, கீழிருந்து மேலாக, ஓடு வேய்வதுபோல் ஒன்றின்மேல் ஒன்று ஏறும்படி ஒட்டினோம். தொலியின் இயல்பான நரம்புக் கோடுகளே இறகுக் கோடுகளாக அமைந்துவிட்டன. அவன் பிறகு வயிற்றோடு நிறுத்தாமல் முதுகு முழுவதும் ஒட்டிக்கொண்டே போனான். வழிபாட்டுக்குப் புறப்படும் வரை அந்த வேலை நீண்டது.

தின்பதற்கான அவித்த முட்டைகளில் பசையும் வண்ணமும் இல்லை. ஞாயிறு காலை, ஆப்பத்துக்கும் கோழிக்கறிக்கும் நடுவே, உரித்த முட்டையின் மேல்பாகத்தைப் பல்பல்லாக வெட்டி எடுத்து, மஞ்சள் கருவை உப்பும் மிளகுத்தூளும் சேர்த்துப் பிசைந்து உருட்டி மீண்டும் வைத்து, இரண்டு நல்லமிளகுக் கண்களும் கேரட் அலகும் செருகினால், ஓட்டிலிருந்து எட்டிப் பார்க்கும் குஞ்சு தயார். மிளகை எடுத்துவிட்டுத் தின்னச் சொல்ல வேண்டும்.

உருண்டு விழாமல் நிறுத்துவதற்குப் பழைய வளையல்கள் போதும். கண்ணாடி வளையலைவிடப் பிளாஸ்டிக் வளையல் பாதுகாப்பானது. வளையலின் அகலம் அதிகமாக இருந்தால் பனையோலைக் கீற்றை இரண்டு விரல் அகலத்தில் வளையமாகச் சுற்றித் தைத்துக்கொள்ளலாம். அணில் மட்டும் வாலின் பாரத்தால் பின்னோக்கிச் சாய்ந்தது. துளை வழியாகக் காய்ந்த மணலை ஒரு தேக்கரண்டி அளவு விட்டு, துளையைக் காகிதத்தால் அடைத்த பிறகு நேராக நின்றது. விழா முடிந்ததும் வெறும் ஓடுகளை முட்டை அட்டைத் தட்டில் பஞ்சு வைத்து அடுக்கி, மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டியில் போட்டு, அடுக்களையிலிருந்து விலகி, ஓதம் ஏறாத மேல்தட்டில் வைத்திருக்கிறேன். பிள்ளைகள் எடுத்துப் பார்க்கக் கேட்டால், தரையில் பாய் விரித்து, அதன் மேல் உட்காரவைத்துத்தான் கொடுக்கிறேன்.